பள்ளி விழாவில் மரவள்ளிக்கிழங்கு வைக்கலாமாம், ஏன் தின்றோம் என்று எழுதக் கூடாதாம்

மேட்டுலயத்தான்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் விழா. ‘தோட்டத்துச் சாப்பாடு’ என்று ஒரு கூடாரம் போடுவதாக முடிவாகி, பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அவித்த மரவள்ளி, நெத்திலிச் சம்பல், கருவாட்டுக் குழம்பு, கேழ்வரகுக் கூழ், ஆப்பம், பால் ஊற்றாத கோப்பி ஓ எல்லாம் பட்டியலில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு அட்டை, அதில் ஐந்தாறு வரி.

மரவள்ளி அட்டைக்கு நான் எழுதியது இதுதான்: ஜப்பான்காரன் காலத்தில் அரிசி வரவில்லை, கிழங்கைத் தின்றோம். அப்புறம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை அடக்கப் பிரிட்டிஷ்காரன் கொண்டுவந்த அவசரகாலத்தில் அரிசி வந்தது, ஆனால் அளந்து கொடுத்தார்கள், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது என்றார்கள். இவ்வளவுதான். ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் அத்தனையையும் அடித்துவிட்டு ‘நார்ச்சத்து நிறைந்த நம் பாரம்பரிய உணவு’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். கேட்டால், பிள்ளைகள் வருகிற இடத்தில் அரசியல் வேண்டாமாம்.

அவசரகாலம் ஆரம்பித்ததே எங்கள் ஊரில். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்தில் ஒருவர், பின் சூன் தோட்டத்தில் இருவர் என்று மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் சட்டம் நாடு முழுக்கப் பாய்ந்தது, 1960 ஜூலை 31 வரை போகவில்லை. இந்த ஊரில் வைக்கிற சாப்பாட்டுக் கூடாரத்தில் அதைச் சொல்லக் கூடாதென்றால் வேறு எங்கே போய்ச் சொல்வது?

உங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துச் சொன்ன கதை எதுவானாலும் எழுதுங்கள். தொழிற்சங்கம், கள்ளுக்கடை மறியல், ஐ.என்.ஏ. என்ற நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம், காட்டுக்காரர்கள் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள், எல்லாம் வரலாம். ‘நம் முன்னோர் பட்ட பாடு’ என்று கண்ணைக் கசக்கும் ரகம் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே மேடையில் நிறைய ஓடுகிறது.

அம்மிக்கல்

நார்ச்சத்தா! அண்ணே, அந்த ஆள் மரவள்ளியைக் கையால் தொட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். நடுவில் இருக்கும் நாரை நாம் உருவி எறிந்துவிட்டுத்தானே அவிக்கிறோம்.

நான் தாப்பாவில் காலைப் பலகாரக் கடை வைத்திருக்கிறேன், கிழங்கு வாரம் தவறாமல் அவிக்கிறேன், அதனால் சொல்கிறேன். பிடுங்கிய அன்றோ மறுநாளோ அவிக்க வேண்டும், இரண்டு நாள் போட்டுவிட்டால் வெட்டும்போது உள்ளே நீலக் கோடு ஓடியிருக்கும், அதை எவ்வளவு வேகவைத்தாலும் ருசி கிடையாது. மேலே பழுப்பாக மெல்லிய தோல், அதற்கடியில் வெள்ளையும் ரோஸும் கலந்து தடிப்பாக இன்னொரு தோல். கத்தியால் நீளமாக ஒரு கீறல் போட்டு விரலை விட்டு நெம்பினால் இரண்டும் சேர்ந்தே கழன்று வரும். துண்டு போட்டு, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் வேகவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகுதான் உப்பும் மஞ்சளும். கசப்பு வகையை ஒழுங்காக அவிக்காவிட்டால் விஷம், விளையாட்டில்லை. வெந்து வாய் பிளந்து மாவாகப் பூத்ததும் இறக்கித் தேங்காய்ப்பூ தூவி, பக்கத்தில் நெத்திலிச் சம்பல்.

என் பாட்டி அவசரகாலத்தைப் பற்றி ஒரே ஒரு கதைதான் சொல்வார். மளிகைக் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, மீன் டின்னை அப்படியே கொடுக்க மாட்டாராம், ஆணி வைத்து அடித்து ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பாராம். வீட்டுக்கு வருவதற்குள் சாறு ஒழுகிச் சேலையெல்லாம் மீன் வாடை. தவுக்கேயின் கெட்ட புத்தி என்றுதான் கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார்.

மேட்டுலயத்தான்

அக்கா, தவுக்கே பாவம். அது அரசாங்க உத்தரவு. முழு டின்னாக இருந்தால் காட்டுக்குப் போய்விடும், மாதக்கணக்கில் கெடாது. ஓட்டை போட்டால் அன்றைக்கே தின்றாக வேண்டும். இதை அட்டையில் சேர்க்கிறேன், நீங்கள் ஆட்சேபிக்காவிட்டால்.

காப்பார்க்காரன்

எல்லாரும் 1948-ல் இருந்து தொடங்குகிறீர்கள். எங்கள் சிலாங்கூர்ப் பக்கம் அதற்கு ஏழு வருடம் முன்பே பற்றி எரிந்தது. 1941 மார்ச்சிலிருந்து மே வரை கிள்ளான், கோலசிலாங்கூர், கோலலங்காட் தோட்டங்களில் வேலைநிறுத்தம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னால் நின்றது, ஆர்.எச். நாதன் என்பவர் பேச்சாளர், பத்திரிகை ஆள். கோரிக்கைகளை ஒரு தடவை படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும். பெண்களிடம் கைவைக்கும் துரையும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியும் அதை நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஒழுங்கான வைத்தியம். உறவினர் லயத்துக்கு வந்துபோகத் தடை கூடாது. கள்ளுக்கடையை மூடு. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லாதே.

இந்தச் சைக்கிள் விஷயத்தை யோசித்துப் பாருங்கள். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள், கிராணியைப் பார்த்ததும் கீழே இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். கூலியில் சில காசு கூட்டிக் கொடுத்தால் அடங்கிவிடுவார்கள் என்று கம்பெனிகள் நினைத்தன. காந்தி குல்லா போட்டுக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்ற ஆட்கள் காசுக்கு மட்டும் அங்கே வரவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் நாதனைப் பிடித்துப் பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். வேலைநிறுத்தம் இன்னும் பரவியது, பட்டாளத்தை இறக்கினார்கள். சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். நான் படித்த காலத்தில் இதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூடப் பார்த்ததில்லை.

செம்பனை

நல்ல தகவல் அண்ணே, ஆனால் இதில் சாப்பாடு எங்கே இருக்கிறது? மேட்டுலயத்தார் கேட்டது சாப்பாட்டுக் கூடாரத்துக்கு.

காப்பார்க்காரன்

கூலி என்றாலே அரிசிதான் தம்பி. இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்பு மலாயா தின்ற அரிசியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. இங்கே தோட்டக்காரன் விளைவித்ததெல்லாம் கித்தா, அதாவது ரப்பர், அதை யாரும் தின்ன முடியாது. ஐரோப்பாவில் சண்டை வந்ததும் கித்தா விலை ஏறுகிறது, சாமான் விலையும் ஏறுகிறது, கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தக் கூலியிலும் ஒரு பகுதி மாலையில் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிப் போய்விடும். அதனால்தான் கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் ஒரே தாளில் இருந்தன.

பெடோங் பிள்ளை

கள்ளுக்கடை என்றதும் எங்கள் கெடா மாநிலத்தை விட்டுவிட முடியாது. 1946, 47-ல் இங்கே தொண்டர் படை இருந்தது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி என்பவர் தலைமை. ஐ.என்.ஏ.வில் பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்பிய பையன்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். துப்பாக்கி போய்விட்டது, ஆனால் காலையில் எழுந்து வரிசையில் நிற்கும் பழக்கம் போகவில்லை. கோயில் திடலில் அணிவகுப்பு, லயம் சுத்தம், குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிப்பவனைப் பிடித்துக் கண்டிப்பது. கள்ளுக்கடை வாசலில் மறியல்.

வெறும் மதுவிலக்கு என்றால் துரைக்கு என்ன கவலை? குடிக்காதவன் மறுநாள் காலை ஒழுங்காக வேலைக்கு வருவான், நியாயமாகப் பார்த்தால் அவருக்கு லாபம். ஆனால் கள்ளுக்கடையை மூடத் தெரிந்தவனுக்குப் பெரட்டைக் கலைக்கவும் தெரியும் என்று புரிந்துவிட்டது. 1947-ல் பெடோங் பக்கம் போலீசோடு மோதல், டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச்சூடு, உயிர்ச்சேதம், கைது. படை கலைந்தது. சாமியையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் தாத்தா அந்த அணிவகுப்பில் நின்றவர். அவர் அதைப் பெருமையாகச் சொன்னதில்லை, ‘வாலிப வயசு’ என்று சிரித்து மழுப்புவார். கடைசிக் காலத்தில் அவரே சாயந்தரமானால் கள்ளுக்குப் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் சித்தப்பா இதைப் படித்துவிட்டுப் போன் அடிப்பார்.

அம்மிக்கல்

கள் இல்லாமல் ஆப்பம் எப்படி என்று யாரும் யோசிக்கவில்லையே. லயத்தில் எங்கள் பாட்டி காலத்தில் ஆப்ப மாவுக்குக் கள் வாங்கி ஊற்றித்தான் புளிக்க வைப்பார்கள். ஒரு குவளை கள், ராத்திரி முழுக்க மாவு பொங்கி நிற்கும், காலையில் சட்டியைச் சுழற்றினால் ஓரம் ஜரிகை மாதிரி விரியும். ஈஸ்ட் போட்டு அந்த வாசனை வராது. மறியல் நடந்த நாளில் அந்த மாவுக்கு என்ன செய்தார்களோ!

பள்ளிக்கூடத்தில் கள் ஊற்ற முடியாது என்று எனக்கும் தெரியும். தேங்காய்த் தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை போட்டு ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். கிட்டத்தட்ட வரும்.

பழைய வாத்தியார்

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் வந்தேன். நான் தெலுக் இந்தான் பக்கம் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் உற்சாகம் புரிகிறது, ஆனால் ஏற்பாட்டுக் குழுக்காரரை ஒரேயடியாகக் கோமாளி ஆக்காதீர்கள். தமிழ்ப்பள்ளி நடத்துகிறவர்களுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. யாராவது படம் எடுத்துப் போட்டுவிட்டு ‘பள்ளியில் கம்யூனிசப் பிரச்சாரம்’ என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர், நீங்களும் நானும் அல்ல. 2019-ல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராக இருந்த சின் பெங் அஸ்தி விஷயத்தில் நாடே இரைந்ததை மறந்துவிட்டீர்களா?

இன்னொன்று. என் பெரியப்பா ஒரு தோட்டத்தில் கங்காணி, ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி. காட்டிலிருந்து வந்தவர்கள் ராத்திரியில் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள், காலையில் பிணம்தான் கிடைத்தது. பகலில் துரைக்கு வேலை செய்த குற்றம். பெரியம்மா நாலு பிள்ளைகளோடு நிரை எடுத்து, அதாவது மர வரிசை ஒன்றைப் பொறுப்பெடுத்துப் பால் வெட்டி, வளர்த்தார். உங்கள் அட்டையில் முள்கம்பி மட்டும் வந்து பெரியப்பா வராவிட்டால் அதுவும் பாதிக் கதைதான்.

ஜப்பான்காரன் காலத்தைத் தாராளமாக எழுதுங்கள், அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. வீட்டில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் லயத்து வாசலில், கித்தா மரத்துக்கு நடுவில், ரயில் பாதை ஓரத்தில் என்று மண் கிடைத்த இடமெல்லாம் மரவள்ளிக் குச்சியை நட்டுப் பிழைத்தார்கள். குச்சியை முறித்து ஊன்றினால் போதும், அதற்கு விதை, உரம், கடன் எதுவும் வேண்டாம். ஜப்பான்காரன் வாழைமரம் போட்டு அச்சடித்த நோட்டு கையில் கட்டுக் கட்டாக இருந்தும் ஒரு படி அரிசி கிடைக்காது.

செம்பனை

வாத்தியார் ஐயா, உங்கள் பெரியப்பா கதைக்கு வருந்துகிறேன், அது அட்டையில் கண்டிப்பாக வரட்டும். ஆனால் ‘ஜப்பான் காலம் எழுதலாம், அவசரகாலம் கூடாது’ என்பதில்தான் எனக்குக் கோபம். ஜப்பான்காரன் செய்தது என்றால் எல்லாரும் சேர்ந்து திட்டலாம். ஐ.என்.ஏ. என்றால் நேதாஜி படம் மாட்டி மாலை போடலாம், கேப்டன் லட்சுமி, ஜான்சி ராணி படை, ஜானகி ஆதி நாகப்பன் என்று மேடையில் பேசலாம். 1945-க்கும் 1957-க்கும் நடுவில் தமிழன் எங்கே போனான்? தூங்கினானா?

எஸ்.ஏ. கணபதி பெயரை இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், ஐ.என்.ஏ.வில் இருந்தவர், அப்புறம் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாரும் சேர்ந்த சங்கம், இரண்டரை லட்சத்துக்கு மேல் உறுப்பினர் இருந்ததாகச் சொன்ன சங்கம், அதற்கு ஒரு தமிழன் தலைவர். 1948 ஜூனில் அதன் கதையை முடித்தார்கள். தேதியைக் கவனியுங்கள், எல்பில் தோட்டத்தில் துப்பாக்கி வெடிப்பதற்குச் சில நாள் முன்பே சங்கச் சட்டத்தைத் திருத்திப் பதிவில்லாமல் ஆக்கிவிட்டார்கள். காடு ஏறினார்கள், காடு ஏறினார்கள் என்கிறோம், சங்கத்தின் கதவைச் சாத்திய பிறகு எங்கே ஏறுவது?

1949 மார்ச்சில் ராவாங் பக்கத்துத் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தார் என்று வழக்கு. ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்றார், நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசாங்கம் கருணை கேட்டும் பயனில்லை. 1949 மே 4, புடு சிறையில் தூக்கு. அதற்கு முதல் நாள்தான் இன்னொரு சங்கத் தலைவர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் இரண்டு பேர். இதை எழுதினால் என்ன லா, வானமா இடிந்து விழும்?

பழைய வாத்தியார்

வானம் இடியாது தம்பி. கணபதிக்கு நடந்தது கொடுமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் அப்பாவே அந்தத் தூக்குச் செய்தி வந்த அன்று அடுப்பு மூட்டவில்லை என்று சொல்லியிருக்கிறார், இத்தனைக்கும் சொந்த அண்ணனைக் காட்டுக்காரனிடம் பறிகொடுத்தவர். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டுதான் அந்தத் தலைமுறை வாழ்ந்தது. நீங்கள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து இன்னொன்றைக் கீழே போடுகிறீர்கள், குழுக்காரர் இரண்டையுமே கீழே போடுகிறார்.

பெடோங் பிள்ளை

நடுவில் நுழைகிறேன். மறந்துபோனது காடு மட்டும் அல்ல. 1947 அக்டோபர் 20 அன்று மலாயா முழுக்க ஒரு கடையடைப்பு நடந்தது, பிரிட்டிஷ்காரன் கொண்டுவந்த கூட்டரசு அரசியல் சட்டத்தை எதிர்த்து. மலாய் இடதுசாரிகளின் புத்ரா ஒரு பக்கம், சீனத் தலைவர் தான் செங் லோக் தலைமையில் மற்ற இனத்தவரின் கூட்டணி ஒரு பக்கம், இரண்டும் கைகோர்த்து மக்கள் அரசியல் சட்டம் என்று சொந்தமாக ஒன்றை எழுதின. அந்தக் கூட்டணியில் அப்போதைய ம.இ.கா.வும், அதாவது மலாயா இந்தியர் காங்கிரசும், இருந்தது. 1946-ல் ம.இ.கா.வைத் தொடங்கியவர் ஜான் திவி. இன்றைக்கு ம.இ.கா. கிளைக்கூட்டத்தில் போய் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

பேராக்காரர்கள் இருக்கிறீர்களே, உங்கள் மாநிலத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த ஆர்.ஜி. பாலனை விட்டுவிட்டீர்கள். 1948-ல் பிடித்து வருடக்கணக்கில் விசாரணை இல்லாமல் அடைத்து வைத்தார்கள். உள்ளே இருக்கும்போதே மலாயா கம்யூனிஸ்ட் கட்சி அவரைத் துணைத் தலைவர் என்று அறிவித்தது. உள்ளே இருக்கிற மனிதனிடம் கேட்டா அறிவித்தார்கள் என்ற கேள்வி எனக்கு உண்டு.

மேட்டுலயத்தான்

சாப்பாட்டுக்கு வருகிறேன், கூடாரம் அதற்குத்தான். முள்கம்பி என்று ஒற்றை வார்த்தையில் எழுதிவிட்டேன், அது எப்படி நடந்தது என்று விவரமாகச் சொல்கிறேன், அப்போதுதான் வாத்தியார் ஐயாவுக்கும் நான் ஏன் அடம்பிடிக்கிறேன் என்று தெரியும்.

1950-ல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் குடியிருந்த ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களில் கொண்டுவந்து அடைத்தார்கள். தோட்டத்தில் நம் ஆட்களை ஊர் மாற்றவில்லை, தூரத்தில் தனியாக இருந்த லயங்களைக் காலி செய்து ஒரே இடத்தில் நெருக்கிக் கம்பி கட்டினார்கள். சண்டை துப்பாக்கியால் முடியாது, வயிற்றால்தான் முடியும் என்ற கணக்கு. அரிசி, மாவு, சர்க்கரை, உப்பு, எண்ணெய், கருவாடு எல்லாம் கட்டுப்பாட்டுச் சாமான். கடைக்காரர் யாருக்கு என்ன விற்றார் என்று கணக்கு எழுத வேண்டும். காலையில் வாசலில் வரிசை. வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் வாளிக்கு இரட்டை அடி வைத்து அரிசி கடத்தினார்கள், சைக்கிள் குழாய்க்குள் அடைத்தார்கள், உப்புத் தண்ணீரில் சட்டையை நனைத்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். பெண்களையும் தடவிச் சோதித்தார்கள். 1956-ல் செமினியில் பெண்களை உடை களையச் சொன்னார்கள் என்று புகார் கிளம்பி விசாரணைக் குழுவே உட்கார்ந்தது.

இதிலும் அடங்காத இடங்களில் அரிசியையே கொடுக்கவில்லை. பொது அடுப்பில் ஆக்கி, சோறாகத்தான் பங்கு போட்டார்கள். இந்த ஊர் வெயிலுக்குச் சோறு மறுநாள் புளித்துவிடும், காட்டுக்குப் போய்ச் சேராது. யார் யோசித்தானோ, பசியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன். காட்டுக்குள் அவர்கள் போட்டிருந்த மரவள்ளி, சர்க்கரைவள்ளிப் பாத்திகளையும் விட்டுவைக்கவில்லை, விமானத்திலிருந்து மருந்தடித்துக் கருக்கினார்கள். 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிமில் 12 பேரைக் காட்டுக்காரர்கள் பதுங்கித் தாக்கிக் கொன்றபோது பிரிட்டிஷ் ஹைகமிஷனர் தெம்ப்ளர் நேரில் வந்து ஊரைத் திட்டி, 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கையும் குறைத்தார். சுட்டவன் காட்டில் இருக்கிறான், தண்டனை உலையில் விழுகிறது.

பால் வெட்டுகிறவர் நிலைமை என்ன? இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், விடியும்போது முதல் மரத்தில் கத்தி வைக்க வேண்டும். வெட்டி முடித்து, பால் மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டி நிறையும் இடைவெளியில்தான் நிரைக்குள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவது வழக்கம். அந்தச் சாப்பாடு போய்விட்டது. வெறும் தேத்தண்ணி, போத்தலில். எடுத்த பாலை ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்தி வீட்டுக்கு வரும்வரை வயிறு காலி. எங்கள் வீட்டில் அம்மா இன்றைக்கும் விடியற்காலையில் சுடுசோறு ஆக்கி வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் வெளியே கிளம்புவார், பத்து நிமிஷத் தூரத்தில் கடை இருந்தாலும். அவர் வேலைக்குப் போன காலத்தில் கட்டுப்பாடெல்லாம் போய்விட்டது, ஆனால் அவருடைய அம்மாவிடம் பழகிய பழக்கம் அது. நார்ச்சத்துக்காக இல்லை.

அம்மிக்கல்

அண்ணே, அந்தக் கடைசிப் பத்தியை அப்படியே அட்டையில் போடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

காப்பார்க்காரன்

வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அக்கா, சைக்கிள் வேண்டும்.

பழைய வாத்தியார்

சோறாக்கிப் பங்கு போட்டது உண்மைதான், எங்கள் பக்கமும் பேசுவார்கள். தம்பி, ஒரு யோசனை சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவிடம் போய் ‘அரசியல் வேண்டுமா வேண்டாமா’ என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வரும். அட்டையில் பட்டப்பெயர் எதுவும் போடாதீர்கள். தியாகி, துரோகி, பயங்கரவாதி, புரட்சியாளர் எதுவும் வேண்டாம். தேதி, இடம், நடந்தது, தட்டில் என்ன இருந்தது. கணபதியை எழுதினால் ‘தொழிற்சங்கத் தலைவர், 1949 மே 4, புடு சிறை’ என்று எழுதுங்கள். என் பெரியப்பாவை எழுதினால் ‘கங்காணி, வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்’ என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், குடும்பத்தில் எல்லாருக்கும் சம்மதம் இருக்காது.

செம்பனை

பட்டப்பெயர் போடாதே என்பது எனக்கு முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை ஐயா, அப்படி எழுதி எழுதித்தான் யார் பக்கம் நியாயம் இருந்தது என்பதே காணாமல் போனது. ஆனால் அட்டை தொங்க வேண்டும் என்றால் சரி. கூடாரத்தில் நிற்கப் போகிறவன் நான், கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

பெடோங் பிள்ளை

கள்ளுக்கடை மறியலை ஆப்பத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பார்ப்பவர்களுக்கே புரியும்.

மேட்டுலயத்தான்

நேற்று ராத்திரி குழுக் கூட்டம் முடிந்தது. வாத்தியார் ஐயா சொன்ன முறையில் திருத்திக் கொண்டுபோனேன். டின் ஓட்டை, சோறாக்கிப் பங்கு போட்டது, வேலைக்காட்டுக்குச் சோறு தடை மூன்றும் ஒரு பேச்சுமில்லாமல் நிறைவேறின. அடித்துத் திருத்தியவரே ‘எங்கள் ஆத்தாவும் டின் கதை சொல்லும்’ என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். கிள்ளான் சைக்கிள் கோரிக்கைக்கும் சம்மதம், கோப்பி ஓ அட்டையில் வருகிறது, அங்கேதான் இடம் இருந்தது. தொண்டர் படை ஆப்பத்தோடு. கங்காணி பெரியப்பா கருவாட்டுக் குழம்போடு, பெயரில்லாமல்.

கணபதி மட்டும் நிற்கிறார். தலைமையாசிரியர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்றார். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. அதற்குள் பதில் வராவிட்டால் கேழ்வரகுக் கூழ் அட்டையில் இடம் காலியாக விட்டு அச்சடித்து, பதில் வந்ததும் கையால் எழுதிக்கொள்வதாக இருக்கிறேன்.

அக்கா, கிழங்கு முப்பது கிலோ போதுமா? தோலும் நாரும் போனால் எவ்வளவு தேறும்?

அம்மிக்கல்

முப்பது கிலோ வாங்கினால் இருபதுக்குக் கொஞ்சம் மேலே தேறும், தட்டுக்கு நாலு துண்டு என்றால் தாராளம். விழாவுக்கு முதல் நாள் பிடுங்கச் சொல்லுங்கள், பசாரில் இரண்டு நாள் கிடந்ததை வாங்காதீர்கள். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதனால் இஞ்சித் தேத்தண்ணியை அந்த மேசையில் வைக்க வேண்டாம், யாராவது ஒரு பாட்டி வந்து சத்தம் போடுவார். நெத்திலி நான் கொண்டுவருகிறேன். கிழங்குத் துளிர் கிடைத்தால் ஒரு கட்டு எடுத்து வையுங்கள், தேங்காய்ப்பால் ஊற்றி மலாய்க்காரர் பக்குவத்தில் ஒரு சட்டி வைத்துவிடலாம், லயத்துக்குப் பின்னால் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், இருந்தவர்களிடம்தான் எங்கள் பாட்டி அதைக் கற்றுக்கொண்டார். அதற்கும் ஒரு அட்டை எழுதுங்கள்.